நாற்பத்திரண்டு விநாடி

ஜெர்மனியிலை சிக்னல் இல்லாத இடமே இல்லை. இது நான் சொல்லுறது இல்லை, தொடர்பு உறுதிப்பாட்டுக் கந்தோர் எண்ட அரசாங்க அலுவலகம் சொல்லுறது. அதுக்கெண்டு ஒரு வரைபடம் வைச்சிருக்கினம். வடக்கிலை கடற்கரை தொடங்கித் தெற்கிலை மலை வரைக்கும் ஒரே நீலம், ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. அந்த நீலத்தை நம்பித்தான் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டனாங்கள். கோதாரி பிடிச்ச நீலம்.

என்ரை பேர் குணேஸ்வரி. வயது அறுபத்தொண்டு, இருக்கிறது டோர்ட்முண்டிலை. எட்டு வருசமா ரண்டு கிட்னியும் வேலை இல்லை. கிழமைக்கு மூண்டு நாள், நாலு நாலு மணித்தியாலம், டயாலிசிஸ் மெசினிலை கிடக்கிறனான். மாற்றுக் கிட்னிக்குப் பட்டியலிலை பேர் குடுத்ததும் அப்பதான். ஆஸ்பத்திரியிலை அண்டைக்கே வடிவா விளங்கப்படுத்தினவை: "கிட்னி வந்தால் உங்களுக்குப் போன் எடுப்பம். பத்துப் பத்து நிமிசம் விட்டு மூண்டு தரம் எடுப்பம். நீங்கள் எடுக்காட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும். எடுத்தால் மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை இஞ்சை வந்து நிக்கோணும்." அண்டையிலயிருந்து நான் ஹண்டியோடைதான் குளிக்கிறது, ஹண்டியோடைதான் கோயில். கைபேசியை இஞ்சை ஹண்டி எண்டுதான் சொல்லுறது. ஒருக்கா தேர் இழுக்கேக்கை அடிச்சுது. ஆக்களைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் எடுத்தால், காப்புறுதி விக்கிற ஒரு பெடியன். அவன் அண்டைக்கு என்னட்டை வாங்கின பேச்சு அவன்ரை வம்சத்துக்கே காணும்.

"அம்மா எட்டு வருசமா ஒரு இடமும் போகேல்லை" எண்டு போன வைகாசியிலை மகன் ஐங்கரன் ஒரு வோன்மொபிலை வாடகைக்கு எடுத்து வாசலிலை கொண்டுவந்து விட்டான். படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளுக்கை இருக்கிற வாகனம். எனக்கும் என்ரை மனுசனுக்கும் மட்டும், ஐஃபல் மலைப் பக்கம் ஒரு கிழமை. அங்கை விடுமுறைக்கு வாற ஆக்களுக்கு டயாலிசிஸ் செய்யிற இடமும் இருக்கு. எனக்குச் சந்தோசம்தான். பதகளிப்பும்தான்.

"சிக்னலுக்கு என்ன செய்யிறது?" எண்டு கேட்டன்.

"அதை என்னட்டை விடும்" எண்டார் என்ரை மனுசன்.

என்ரை மனுசன் முருகேசு எண்பத்தஞ்சாம் ஆண்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலை வந்து இறங்கினவர். ஏதோ ஒரு கடுதாசி கையிலை இல்லையெண்டு அண்டைக்கு ஒரு அதிகாரி இவரை விடிய விடியச் சுவரோடை நிப்பாட்டி வைச்சவராம். அண்டு தொடக்கம் ஒரு கடுதாசியும் எறியிறேல்லை. வீட்டிலை இருபத்தாறு ஓர்ட்னர் கிடக்கு, முதுகிலை பேர் எழுதின தடிச்ச தடிச்ச கோப்புகள். கந்தோர் எண்டு தலைப்பு இருந்தால் தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை, பதில் எழுதிப்போட்டுத்தான் குடிப்பார். கையெழுத்து வை எண்டால் வைப்பார். முப்பத்தொன்பது வருசத்திலை ஒரு அதிகாரிக்கு முன்னாலையும் இவர் "இல்லை" எண்டு சொல்லி நான் கேட்டது கிடையாது. எனக்குச் சொல்லுற "இல்லை"க்கு மட்டும் குறைவில்லை.

இவர் வரைபடத்தைப் பாத்ததோடை விட்டாரோ? இல்லை. அந்தக் கந்தோருக்குக் கடிதம் எழுதி, நாங்கள் போய் நிக்கிற புல்வெளிக்கெண்டே ஒரு அத்தாட்சிப் பத்திரம் எடுத்தார். "மேற்படி இடம் முழுமையான தொடர்பு வசதி கொண்டது." கீழை வட்ட முத்திரை. அதைப் பிளாஸ்டிக் உறையிலை போட்டு முன் கண்ணாடிக்குக் கீழை வைச்சுக்கொண்டுதான் ஓடினவர்.

வியாழக்கிழமை காலமை பதினொரு மணிக்குப் போய்ச் சேந்தம். மூண்டு பக்கமும் மலை, நடுவிலை ஆறு, கரையிலை புல்வெளி. வடிவெண்டால் வடிவு. நான் ஹண்டியைப் பாத்தன். ஒரு கோடும் இல்லை.

"இஞ்சாருங்கோ, சிக்னல் இல்லை. திருப்புங்கோ."

"இருக்கும், இருக்கும். ஒருக்கா ஹண்டியை நிப்பாட்டிப் போட்டுப் பாரும்."

நிப்பாட்டிப் போட்டன். இல்லை. அவற்றை ஹண்டியையும் போட்டுப் பாத்தம். இல்லை. ஹண்டியை மேலை தூக்கிக்கொண்டு ஆத்தங்கரை முழுக்க ஒருக்கா நடந்தார். அப்பதான் அந்தப் புல்வெளியைப் பாத்துக்கொள்ளுற மனுசி, ரப்பர் சப்பாத்தோடை வந்தவ. பிராவ் கிறேமர். பிராவ் எண்டால் டொச்சு மொழியிலை திருமதி. எழுபத்திரண்டு வயது, தனிய இருக்கிறவ.

"இஞ்சை வராது. ரண்டு கிலோமீற்றர் நடந்தால் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கு. அந்தக் கூரைக்குக் கீழை மட்டும் வரும்."

"வீட்டுப் போன் ஒண்டு?" எண்டு கேட்டன்.

"கழட்டிக்கொண்டு போயிட்டினம். இஞ்சை ஹண்டிச் சிக்னல் நல்லா இருக்காம், வயர் தேவையில்லையாம்." பிறகு ஆத்தங்கரையிலை ஆக்கள் இருக்கிற மர வாங்கைக் காட்டினா. "அதிலைதான் என்ரை மனுசன் விழுந்தவர், போன மார்கழி. நான் அம்புலன்சுக்கு எடுக்கப் பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஓடினனான்." அவ்வளவுதான் சொன்னா. அதுக்குப் பிறகு கந்தோருக்குப் பதினொரு அன்ராக் போட்டிருக்கிறாவாம், ஒரு கோபுரம் தாங்கோ எண்டு. அன்ராக் எண்டால் விண்ணப்பம். இந்த நாட்டிலை சாகிறதுக்கும் ஒண்டு போடவேணும்.

"இப்பவே வெளிக்கிடுறம்" எண்டன். இவரும் ஏறிச் சாவியைத் திருப்பீட்டார். இன்னும் ஒரு நிமிசம் கிடைச்சிருந்தால் நாங்கள் றோட்டிலை. அந்த நேரம் பாத்து வாசலாலை ஒரு வெள்ளை வான் வந்துது. மேலை முழுக்க அன்ரெனா. பக்கத்திலை பெரிய எழுத்திலை: தொடர்பு உறுதிப்பாட்டுக் கந்தோர், அளவீட்டுப் பிரிவு.

இவற்றை முகத்தைப் பாக்கோணும் நீங்கள். "பாத்தீரோ, கந்தோரே வந்திட்டுது! ஒரு நிமிசம், இந்தப் பத்திரத்திலை பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன்." நான் சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தன். உதறிப்போட்டு இறங்கி ஓடினார். பிழையான ஒரு கடுதாசியைத் திருத்தாமல் போக இவருக்கு ஏலாது. அந்த ஒரு நிமிசத்தை நான் இப்பவும் மன்னிக்கேல்லை.

வானிலையிருந்து இறங்கினவர் ஹெர் லூட்கே. அளவீட்டு மேலாய்வாளர். சேட்டுப் பொக்கற்றிலை நாலு பேனை. பத்திரத்தை வாங்கி ரண்டு பக்கமும் பாத்தார், முத்திரையை விரலாலை தடவினார். அவர் டொச்சிலை சொன்னதை அப்பிடியே சொல்லுறன்.

"பத்திரம் சரியானது. வரைபடத்தின் அடிப்படையில் வழங்கப்பட்டது. வரைபடமும் சரியானது. ஆகவே ஏதாவது தவறு இருந்தால் அது இடத்தில்தான் இருக்க வேண்டும். நீங்கள் இடத்தின் மீது முறைப்பாடு செய்கிறீர்களா?"

"ஓம், ஓம்" எண்டார் என்ரை மனுசன்.

அவ்வளவுதான். அது பன்னிரண்டாவது அன்ராக்காப் பதிவாகீட்டுது. லூட்கே போய்ப் பிராவ் கிறேமரைக் கொண்டு வாசல் தடையை இறக்குவிச்சு, சிவப்பு நாடா சுத்தினார்.

"அளவீடு முடியும்வரை எந்த வாகனமும் அசையக் கூடாது. வாகனம் என்பது உலோகம். உலோகம் அசைந்தால் அலை அசையும். ஒன்றரை மணிக்கு முடித்துவிடுவோம்."

நான் இறங்கி அவருக்கு முன்னாலை போய் நிண்டன். இடக்கைச் சட்டையைச் சுருட்டி, ஊசி குத்திக் குத்தித் தடிச்சுப்போன இடத்தைக் காட்டினன். எட்டு வருசம், பட்டியல், மூண்டு தரம், பத்து நிமிசம் எல்லாம் சொன்னன். மனுசன் மரியாதையாக் கேட்டார். அதுதான் இன்னும் விசர்.

"புரிகிறது. ஆனால் அம்மணி, நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. மாறாக நிரூபிக்கப்படும்வரை இங்கே தொடர்பு இருக்கிறது. உங்களுக்கு அழைப்பு வந்தால் கேட்கும்."

"கேக்கவில்லையெண்டால்?"

"அது அளவீட்டின் முடிவில் தெரியவரும்."

பிறகு ஒரு சாம்பல் பெட்டியைக் கொண்டுவந்து ஹண்டிகளைப் போடச் சொன்னார். தனியார் ஹண்டி அளவீட்டைக் குழப்புமாம். இவர் உடன போட்டார். நான் தேவாரம் கேக்கிற பழைய ஹண்டியைப் போட்டுட்டு, மற்றதைச் சட்டைக்குள்ளை ஒளிச்சன். ஒரு மனுசியின்ரை சட்டைக்குள்ளை தேடச் சொல்லி அவற்றை சட்டத்திலையும் இல்லை.

மணி பன்னிரண்டே கால். வானுக்கு மேலையிருந்து ஒரு கம்பம் எழும்பிச்சுது, வீட்டுக் கூரை உயரத்துக்கு. சட்டைக்குள்ளை மெல்ல எட்டிப் பாத்தன். ஐயோ, நாலு கோடு! ஒரு நிமிசத்தாலை கம்பம் கீழை இறங்கிச்சுது. கோடெல்லாம் போயிட்டுது.

"உது என்ன கம்பம்?" எண்டு கேட்டன்.

"எங்கள் சொந்தச் சேவைத் தொடர்பு. மலைக்கு அப்பால் இருந்து அலையை இழுத்துத் தரும். இங்கே அலை இல்லை என்ற அளவை அலுவலகத்துக்கு அனுப்ப எங்களுக்கு அலை தேவை. கால் மணிக்கு ஒரு தரம், ஒரு நிமிடம்." சொல்லேக்கை ஒரு சிரிப்புக்கூட இல்லை.

பன்னிரண்டரைக்குக் கம்பம் திரும்ப எழும்பிச்சுது. ஹண்டி நெஞ்சோடை இரண்டு தரம் அதிர்ந்துது. நான் வோன்மொபிலுக்குப் பின்னாலை ஓடி எடுத்துப் பாத்தன். தவறிய அழைப்பு ரண்டு. பன்னிரண்டு பதினெட்டு, பன்னிரண்டு இருபத்தெட்டு. நம்பர் எட்டு வருசமா எனக்குப் பாடம். ஆஸ்பத்திரி.

திருப்பி அடிச்சன். ஒரு பெட்டை எடுத்து ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லி, "ஒரு நிமிசம், இணைக்கிறன்" எண்டாள். கம்பம் கிர்ர் எண்டு இறங்கிச்சுது. அறுந்துபோச்சுது. முருகா எண்டு குளறினன்.

இனி ஒருக்காத்தான் எடுப்பினம், பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு. கம்பம் அடுத்த தரம் எழும்புறது பன்னிரண்டே முக்காலுக்கு. என்ரை கிட்னிக்கும் எனக்கும் நடுவிலை ஏழு நிமிசம் பிழைச்சு நிக்குது. பஸ் தரிப்பிடத்துக்கு ஓட இவராலையும் ஏலாது, என்னாலையும் ஏலாது.

லூட்கேயிட்டை ஓடினன். "ஆஸ்பத்திரி எடுத்திருக்கு! கம்பத்தை உயத்துங்கோ, உங்களைக் கும்பிட்டன்!"

"எப்படித் தெரியும்? உங்கள் கைபேசி பெட்டியில் அல்லவா இருக்கிறது?"

"கனவிலை கண்டனான். உயத்துங்கோ!"

"சேவைத் தொடர்பு சேவைக்கு மட்டும். நான் அதை உங்களுக்குத் தந்தால், இங்கே வேறு தொடர்பு இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அளவீடு முடியும் முன் முடிவைச் சொல்வது நேர்மையற்றது. பதினெட்டு வருடங்களாக நான் ஒரு முடிவையும் முன்கூட்டிச் சொன்னதில்லை."

என்ரை மனுசன் பக்கத்திலை நிண்டு கையைப் பிசையிறார். "தயவுசெய்து, தயவுசெய்து" எண்டு மட்டும் வருது அவற்றை வாயாலை. மணி பன்னிரண்டு முப்பத்திநாலு. அந்த நேரம் எனக்கு ஒரு விசயம் விளங்கிச்சுது. நாங்கள் முப்பத்தொன்பது வருசமா அதிகாரிகளுக்குப் பயந்தம். அவங்கள் ஆருக்குப் பயப்பிடுறாங்கள் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை.

கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கேட்டன். "ஹெர் லூட்கே, அளவீட்டுக்கு நடுவிலை ஒரு நோயாளி உதவி கேட்டால் மறுக்கிறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கோ? இல்லாட்டி மேலிடத்தைக் கேக்கவேணுமோ? நான் எழுத்திலைதான் கேக்கிறன். இவர் எழுதுறார்."

இவர் உடன பேனையை எடுத்தார். அதிலை மட்டும் ஒரு செக்கன் பிந்தேல்லை.

லூட்கேயின்ரை முகம் மாறிச்சுது. "எழுத்து மூலமாகவா?" தடிச்ச ஒரு புத்தகத்தை எடுத்து ஒற்றை ஒற்றையாப் புரட்டினார். முப்பத்தஞ்சு. நாக்கிலை விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். முப்பத்தாறு. "இப்படியொரு விடயம் முன்வைக்கப்பட்டதில்லை" எண்டார், குரல் தாழ்ந்துபோச்சுது. "மறுப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஏற்பதற்கும் கேட்க வேண்டியிருக்கும்."

"கேளுங்கோவன்."

கம்பம் எழும்பிச்சுது. லூட்கே வானுக்குள்ளை இருந்து மேலிடத்துக்கு எடுத்தார். அங்கை ஆரோ "காத்திருங்கள்" எண்டு சொல்லிப்போட்டுப் பாட்டுப் போட்டினம், பியானோ. நான் சட்டைக்குள்ளை கையை வைச்சபடி நிண்டன். முப்பத்தேழு. பியானோ ஓடுது. எடுத்திடாதைங்கோ, ஆண்டவனே, மேலிடத்திலை ஒருத்தரும் இப்ப எடுத்திடாதைங்கோ எண்டு கும்பிட்டன். ஒரு கந்தோர் மெதுவா வேலை செய்யவேணுமெண்டு நான் வாழ்க்கையிலை முதல் தரம் கும்பிட்டது அண்டைக்குத்தான்.

அடிச்சுது.

"திருமதி குணேஸ்வரி முருகேசு? உங்களுக்கு ஒரு சிறுநீரகம் இருக்கிறது. காய்ச்சல், தடிமன் ஏதும் உண்டா?"

"இல்லை. ஒண்டும் இல்லை."

"எத்தனை மணிக்கு வருவீர்கள்?"

"மூண்டு மணிக்கு முதல். வாறன். வேறை ஒருத்தருக்கும் குடுத்திடாதைங்கோ, வாறன்."

வைச்சுப்போட்டு அழுதன். சத்தம் போட்டு அழுதன். லூட்கே வானுக்குள்ளையிருந்து எட்டிப் பாத்தார். பியானோ இன்னும் ஓடுது.

"நீங்கள் அளவீட்டு எல்லைக்குள் தொலைபேசியில் உரையாடினீர்கள்."

"ஓம்! உரையாடினனான்! தடையைத் திறவுங்கோ!"

"உடனே. அறிக்கை ஒன்றை எழுதிக் கையொப்பம் பெற்றபின்."

பெட்டியிலையிருந்து எங்கடை ரண்டு ஹண்டியையும் எடுத்துத் தந்து கையொப்பம் வாங்கினார். பிறகு அறிக்கை எழுதத் தொடங்கினார். எழுத்துக்கு எழுத்து வடிவா எழுதுறார். அஞ்சு நிமிசம். பத்து நிமிசம். பிராவ் கிறேமர் தடைக்குப் பக்கத்திலையிருந்து வந்து என்ரை மனுசனுக்குப் பின்னாலை நிண்டா. நான் வோன்மொபிலிலை ஏறிப் பெல்ற் போட்டுக்கொண்டு கத்துறன். இவர் அறிக்கையைக் கையிலை வாங்கினார். கடை விளம்பரத்தையே கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற மனுசன், அண்டைக்கு ஒரு வரி வாசிக்கேல்லை. மூண்டு இடத்திலை கையெழுத்து வைச்சுப்போட்டு ஓடிவந்தார். பிராவ் கிறேமர் சிவப்பு நாடாவைப் பிச்செறிஞ்சு தடையைத் தூக்கினா. கண்ணாடியாலை பாத்தன், மனுசி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நிண்டா.

மூண்டு மணிக்குப் பதினைஞ்சு நிமிசம் இருக்கப் போய்ச் சேந்தம். வேகமா ஓடினதுக்கு வழியிலை ரண்டு தரம் கமரா அடிச்சது. அந்தத் தண்டக் கடுதாசியளும் இப்ப ஓர்ட்னரிலை கிடக்கு. கிட்னி மாத்தின மறுநாள் எனக்குச் சலம் போச்சுது. எட்டு வருசத்துக்குப் பிறகு! தாதிப் பெட்டை மூத்திரப் பையைத் தூக்கிக் காட்ட, இவர் கை தட்டினார். ஆரோ ஒராளின்ரை வீட்டுத் துக்கம் எனக்கு உயிராப் போச்சுது. அதை நினைச்சு நான் விளக்கு வைக்காத நாளில்லை.

மூண்டு மாதத்தாலை கந்தோரிலையிருந்து கடிதம் வந்துது. ஒரு உறையிலை அறிக்கையின்ரை பிரதியும்.

"அளவீட்டின் போது பன்னிரண்டு முப்பத்தெட்டு மணிக்கு, முறைப்பாட்டாளரின் மனைவி நாற்பத்திரண்டு விநாடி உரையாடியுள்ளார். குரல் தெளிவாக இருந்தது, மகிழ்ச்சியும் கேட்டது. இதை முறைப்பாட்டாளர் மூன்று இடங்களில் ஒப்புக்கொண்டுள்ளார். இடம் திருத்தமாக உள்ளது. இந்த விண்ணப்பமும், இதே இடம் தொடர்பான முன்னைய பதினொரு விண்ணப்பங்களும் நிரந்தரமாக முடிக்கப்படுகின்றன. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

இவர் வாசிச்சுப்போட்டுக் கதிரையிலை இருந்திட்டார். கடிதத்தை ஓர்ட்னரிலை போடேல்லை. மேசையிலையே கிடந்துது. பிறகு ஒரு வேலை செய்தார், நான் கண்ணாலை காணுவன் எண்டு நினைக்காத வேலை. கந்தோருக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். முதல் வரியே "இல்லை" எண்டு தொடங்கிச்சுது. "அழைப்பு வந்தது உங்கடை அலையிலை இல்லை, உங்கடை வானின்ரை கம்பத்தாலை. அந்த இடம் திருத்தமெண்டால் வானைத் திரும்ப அனுப்பிக் கம்பத்தைத் தூக்காமல் அளந்து பாருங்கோ."

பதில் ஒரு கிழமையிலை வந்துது. நல்ல தொடர்பு உள்ள இடங்களுக்கு அளவீட்டு வாகனம் அனுப்பப்படுவதில்லையாம்.

பிராவ் கிறேமரிட்டை என்ரை நம்பர் இருக்கு, நான் ஆஸ்பத்திரியிலையிருந்து நன்றி எண்டு கடிதம் போடேக்கை எழுதினனான். ஞாயிற்றுக்கிழமைகளிலை எடுப்பா. போன கிழமையும் எடுத்தவ. பின்னாலை கூரையிலை மழை அடிக்கிற சத்தம் கேட்டுது.

"எப்பிடி, கிட்னி வேலை செய்யுதோ?"

"நல்லாச் செய்யுது, பிராவ் கிறேமர்." பிறகு எனக்குத் தாங்கேலாமல் போச்சுது. "உங்கடை கோபுரம் எங்களாலைதான் போச்சுது. இவர் அண்டைக்கு அதை வாசிக்கேல்லை. என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் வைச்சிட்டார். தெரிஞ்சிருந்தால்..."

"நான் வாசிச்சனான்" எண்டா.

"என்ன?"

"உங்கடை மனுசனுக்குப் பின்னாலை நிண்டு முழுக்க வாசிச்சனான். பதினொரு அன்ராக் போட்டவளுக்கு அந்தக் கந்தோரின்ரை எழுத்து விளங்காதோ? நான்தான் அவற்றை காதுக்குள்ளை சொன்னனான், வாசிக்காதைங்கோ, வையுங்கோ, போங்கோ எண்டு."

இவர் பக்கத்திலை நிண்டு என்னெண்டு கண்ணாலை கேக்கிறார்.

"சரி, வைக்கிறன்" எண்டா பிராவ் கிறேமர். "இருட்ட முதல் நடந்து போய்ச் சேரவேணும்."